உத்தியோகமும் ஊழியமும்

தமிழிலே ஊழியம் என்னும் சொல் இரு பொருள்பட வழங்குகின்றது. அரசாங்க அலுவலகத்திலே சம்பளம் பெற்றுப் பணிபுரிவாரையும் ஊழியர் என்கின்றோம்; ஒரு காசும் பெறாது ஏழைகளிடத்தும் நோயாளிகளிடத்தும் சென்று உழைப்பாரது செயலையும் ஊழியம் என்கின்றோம். நம் திருச்சபைகளிலே பின்னைய பொருளே பெரிதும் வழங்குவது. ஒரே சொல் இவ்விரண்டையும் தாங்கி நிற்றல் தற்செயலே ஆயினும் ஆகுக. அதனுள்ளே ஓர் உண்மை உறைகின்றது என்பது நம் துணிபு. உத்தியோகம் வேறு, ஊழியம் வேறு என்று பிரித்து, வாரத்தின் நாட்களை முன்னதற்கும் ஞாயிறு மாலையைப் பின்னதற்கும் ஒதுக்கி வாழ்வார் பலர். இரண்டையும் ஒன்றாகவே கண்டு வாழ்ந்தார் சிலர். அச்சிலருள் ஒருவராகிய டாக்டர் மால்கம் ஆதிசேஷையா அவர்களை நினைவு கூர்தலும், அந்நினைவினின்று நம்மனோர் கொள்ளவேண்டுவது யாது என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

அவர் 1994-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ஆம் நாள் காலமானார். இன்று நம் கலாசாலையிற் பயிலும் மாணாக்கரோ அதற்குப் பின்னர்ப் பிறந்தவர். ஆதலின் அவர் பெயரைக் கேட்டறியாதார் நம்மிடையே பலர் இருப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, வினாத்தாளைத் தாமே அமைத்துப் பரீக்ஷை நடத்தும் உரிமை பெற்ற கலாசாலை ஒவ்வொன்றும், அறிந்தோ அறியாமலோ, அவர் கையால் நட்ட மரத்தின் நிழலிலேதான் இருக்கின்றது. நட்டவனை அறியாது நிழலிலே அமர்ந்திருத்தல் குற்றமன்று. அறிந்தபின் மரத்துக்கு நீர் வாராதிருத்தலே குற்றம்.

டாக்டர் ஆதிசேஷையா 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் வேலூரிலே பிறந்தார். மிஷன் கல்வியின் மணம் கமழும் அவ்வூரிலே வளர்ந்து, சென்னை இலயோலாக் கலாசாலையிலும், பின்னர் இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கலாசாலையிலும், லண்டன் பொருளாதாரக் கலாசாலையிலும் பயின்றார். கல்கத்தாவிலே செயின்ட் பால் கலாசாலையிற் சிலகாலம் கற்பித்தார். சென்னைக் கிறித்தவக் கலாசாலை நகரத்து நெருக்கத்தினின்று நீங்கித் தாம்பரத்துக் காட்டிலே புதுமனை புகுந்தது 1937-ல். அதற்கு மூன்றாண்டு கழித்து அவர் அங்கே பொருளியற் பேராசிரியரானார். 1946 வரை அப்பதவியில் இருந்தார். புரொடெஸ்டாண்டுக் குடும்பத்துப் பிள்ளை இயேசு சபையாரிடத்துக் கற்று, ஸ்காட்லாந்து மிஷனார் தொடங்கிய கலாசாலையிலே கற்பித்தார் என்பதனை நோக்குங்கால், பிரிவினைச் சுவர்களைப் பொருட்படுத்தாத உள்ளம் இளமையிலேயே அவர்பால் அமைந்ததென்பது புலனாம்.

1946-ல், உலகப் பெரும்போர் ஓய்ந்த மறு ஆண்டிலே, பேராசிரியப் பதவியை விட்டு ஜெனீவா நகரஞ் சென்றார். போரினால் நூல் இழந்து, உணவின்றி, இருப்பிடமின்றித் தவித்த மாணாக்கருக்கு உதவி புரிந்துவந்த உலக மாணவர் சேவைக் கழகத்தின் அலுவலிலே ஈடுபட்டார். பிறகு 1948-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவிற் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராய் விளங்கினார். அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேதான், 1967-ல், யுனெஸ்கோ கூரியர் என்னும் அந்த ஸ்தாபனத்தின் பத்திரிகை தமிழிலும் வெளிவரத் தொடங்கிற்று. உலகத்து அறிஞர்தம் எழுத்துக்களை நம் சிற்றூர் வாசகசாலைகளிலே தமிழில் படித்து வளர்ந்த பழைய மாணவர் நம்முள் இன்றும் உளர்.

நிற்க. இத்துணைப் பெரும் பதவியில் இருந்தார் ஒருவர் ஓய்வு பெற்றபின் யாது செய்வார்? பாரிஸ் நகரிலேயே தங்கிவிடலாம். அன்றித் தாய்நாடு திரும்பிப் பாராட்டுக் கூட்டங்களிலே மாலை சூடிக் காலங்கழிக்கலாம். டாக்டர் ஆதிசேஷையாவும் அவர்தம் மனைவியார் எலிசபெத் அம்மையாரும் அங்ஙனஞ் செய்தாரல்லர். 1971-ஆம் ஆண்டிலே, தம் சேமிப்பைக் கொண்டு, அடையாற்றுக் காந்திநகரிலே, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தனர். தமிழ்நாட்டு வேளாண்மை, தொழில், கல்வி, வறுமை என்பனவற்றை நுணுகி ஆராய்ந்து, கண்டதை அரசுக்கும் மக்களுக்கும் உள்ளவாறு உரைத்தல் அந்நிலையத்தின் வேலையாம். 1977-ல் அது மத்திய, மாநில அரசுகளின் ஆதரவு பெற்ற தேசிய நிலையமாயிற்று. அடுத்த ஆண்டிலே அதன் இயக்குநர் பதவியைப் பேராசிரியர் சி. டி. குரியன் அவர்களிடம் ஒப்புவித்தார். தாம் கட்டிய வீட்டின் சாவியைப் பிறர் கையிற் கொடுக்கும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மற்றொன்றும் கருதத்தக்கது. அந்நிலையம் சென்னையின் பெயரால் வழங்குகின்றதே யன்றி, அதனைத் தோற்றுவித்தார் பெயரால் வழங்கவில்லை.

1975 முதல் 1978 வரை அவர் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராய் இருந்தார். அச்சர்வகலாசாலை 1857-ல் லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. பாடம் வகுத்தலும், பரீக்ஷை வைத்தலும், பட்டம் அளித்தலும் சர்வகலாசாலையின் வேலை. பாடஞ் சொல்லுதல் மட்டுமே கலாசாலையின் வேலை. இவ்வேற்பாடு தொடக்கத்திலே ஓரளவு நன்மை பயந்தது. ஆயின் கலாசாலைகள் பெருகப் பெருக, அதன் தீமையும் பெருகிற்று. கடற்கரையிலே இருக்கும் கலாசாலைக்கும் மலையடிவாரத்திலே இருக்கும் கலாசாலைக்கும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள். கற்பிக்கும் ஆசிரியர் கேள்வி கேட்டல் ஆகாது. கேள்வி கேட்பார் கற்பிக்கப்படுவாரை அறியார். இந்நிலை மாறவேண்டுமென்று 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழுவினர் கூறி, தகுதியுடைய கலாசாலைகளுக்குத் தன்னாட்சி வழங்குக என்றனர். அவர் அறிக்கை பல ஆண்டுகள் ஏட்டளவிலே நின்றது. அதனைத் தமிழ்நாட்டிலே செயலாக்க முற்பட்டாருள் டாக்டர் ஆதிசேஷையா தலையாயவர். 1978-ல் சென்னைக் கிறித்தவக் கலாசாலை, இலயோலாக் கலாசாலை முதலியன அவ்வுரிமையைப் பெற்றன. மதுரைச் சர்வகலாசாலையைச் சார்ந்த அமெரிக்கன் கலாசாலையும் அவ்வாண்டிலேயே பெற்றது.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணவேண்டும். ஒரு சர்வகலாசாலையின் அதிகாரம் பெரும்பாலும் பரீக்ஷையிலே இருக்கின்றது. அதனைக் கலாசாலைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தல், அரசன் தன் பொக்கிஷத்துத் திறவுகோலைக் குடிகளிடம் கொடுத்தல் போல்வதாம். அதிகாரத்தைத் தேடிச் சேர்ப்பவரே நிருவாகிகளுள் மிகுதி. அதனைப் பிறர்க்குப் பங்கிட்டளிப்பார் மிக அரியர். ஆசிரியர்களிற் பலர் அந்நாளில் இதனை ஐயுற்றனர் என்பதையும் மறைத்தல் கூடாது. சர்வகலாசாலையின் பிடி தளர்ந்தால் கலாசாலை நிருவாகத்தாரின் பிடி இறுகும், மதிப்பெண் வழங்குதலிலே நடுநிலை பிறழும் என அவர் அஞ்சினர். அவ்வச்சம் அடியோடு ஆதாரமற்றதென்று எவருஞ் சொல்லார். உரிமை என்பது இருபுறமுங் கூருடைய கத்தி. அது யார் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஆயினும் கத்தி கையை அறுக்கும் என்றஞ்சிச் சமையலையே கைவிடுவார் இல்லையன்றோ?

அதே 1978-ல் மேனிலைப் பள்ளிக் கல்வியைப் பற்றி ஆராய இந்திய அரசு அமைத்த குழுவிற்கும் அவரே தலைவராயிருந்தார். அக்குழுவின் அறிக்கைக்கு இட்ட தலைப்பு, செய்யக் கற்றல் என்னும் பொருளுடையது. நூலறிவோடு கைத்தொழிலறிவும், சமுதாயத்திற்குப் பயன்படும் உழைப்பும் கல்வியின் பகுதியாக வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு முதல் 1984 வரை இராஜ்ய சபையிலே நியமன உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார்.

பதவிகளின் வரிசை இவ்வளவில் அமைக. பதவி எதுவும் இல்லாவிடத்தும் அவர் விடாது செய்த காரியம் ஒன்றுண்டு. அஃது எழுத்தறியா முதியோர்க்குக் கல்வி அளிக்கும் இயக்கத்துக்கு உழைத்தல். தமிழ்நாட்டிலே தொடர்கல்விப் பணியை ஊக்கினார். சர்வதேச வயது வந்தோர் கல்விக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். அவர் மறைந்தபின் யுனெஸ்கோ அவர் பெயரால் எழுத்தறிவுப் பரிசு ஒன்றைச் சில ஆண்டுகள் வழங்கிற்று. அவர் மறைவதற்கு மூன்றாண்டு முன்னர், 1991-ல் எடுத்த குடிக்கணக்கின்படி, தமிழ்நாட்டிலே எழுத்தறிந்தார் நூற்றுக்கு 62.66 பேர், பெண்களை மட்டும் எண்ணுங்கால் 51.33 பேர். 2011-ல் எடுத்த கணக்கிலே இவை முறையே 80.09 என்றும் 73.44 என்றும் உயர்ந்தன. இவ்வுயர்ச்சி ஒருவர் செயலன்று. பள்ளிக்கூடமும் பகலுணவும் அறிவொளி இயக்கத்துத் தொண்டர்களும் சேர்ந்து செய்தது. ஆயினும், படித்தவன் படியாதவனுக்குக் கடன்பட்டிருக்கின்றான் என்பதைச் சர்வகலாசாலையின் உச்சியிலிருந்து ஒருவர் இடைவிடாது சொல்லிக்கொண்டிருந்தமை சிறிதன்று.

இவ்வாழ்க்கை முழுவதையும் ஊடுருவி நிற்கும் நூல் ஒன்றே. தம்மிடம் வந்ததைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமை அது. பரீக்ஷை அதிகாரம் வந்தது, கலாசாலைகளுக்குச் சென்றது. பொருள் வந்தது, ஆராய்ச்சி நிலையமாயிற்று. கல்வி வந்தது, முதியோர் கையிலே எழுத்தாயிற்று. ஒரு தாலந்தை வாங்கி மண்ணிலே புதைத்து வைத்தவனைப் பற்றிய உவமையை நாம் சிறு வயது முதற் கேட்டிருக்கின்றோம். புதைப்பதற்கு மண்ணே வேண்டுமென்பதில்லை. அலுவலகத்து அலமாரியும் போதும். ஆதிசேஷையா அவர்கள் அலமாரியிலே எதனையும் புதைத்தாரல்லர்.

இனி, நம்மவருள் ஒருசாரார் கூறுவதனையும் கேட்போம். நிருவாகி நிருவாகத்தைச் செம்மையாகச் செய்தால் அதுவே தொண்டு, அவர் சேரிக்கும் சிற்றூருக்கும் போகவேண்டுவதென்னை என்பர் அவர். இக்கூற்றிலே உண்மை உண்டு. ஏழை மாணவனது உதவிப்பணத்துக்குரிய விண்ணப்பம் மேசைமீது மூன்று திங்கள் கிடக்க, நிருவாகி ஏழைகளைப் பற்றி மேடையிலே பேசுவாராயின், அப்பேச்சால் ஆவது என்? கோப்பை உரிய நாளிலே அனுப்புதலே முதல் ஊழியம். எனினும் வாயிலுக்கு வெளியே உள்ள வாழ்க்கையைக் காணாதவருக்குக் கோப்பிலுள்ள பெயர் வெறும் பெயராகவே தோன்றும். கண்டவருக்கே அஃது ஒரு குடும்பமாகத் தோன்றும். ஆகவே ஊழியம் உத்தியோகத்துக்கு இடையூறன்று. அதற்குக் கண் கொடுப்பது அதுவே.

மாணாக்கரது நிலையையும் நோக்குவோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கப்பட்டது. அதிற் சேர்ந்தோர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக, இரண்டாண்டிலே 240 மணி நேரம் பணிபுரிதல் வேண்டும். ஒரு சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ளல் வேண்டும். நல்ல ஏற்பாடே. ஆனால் இன்று மணிக்கணக்கு நிரம்புகின்றதா என்றே பார்க்கின்றோம். மணி நேரத்திலே நிகழ்ந்தது யாது என்று பார்ப்பது குறைவு. தெருவைப் பெருக்குவதுபோல் நிழற்படம் எடுத்துக்கொண்டு, அத்தாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு, மறுநாள் அத்தெருவின் பெயரையும் மறந்துவிடுவது தொண்டாகுமா? அது ஊழியத்தையும் ஒரு பரீக்ஷையாக்கிவிட்டதே யன்றி வேறென்னை? தன்னாட்சியும் அவ்வாறே ஆகிவிடுமோ என்று அஞ்சுகின்றோம். முன்பு சர்வகலாசாலை ஆண்டுக்கொருமுறை பரீக்ஷை வைத்தது. இன்று நாம் பருவந்தோறும் வைக்கின்றோம். பரீக்ஷையைப் பெருக்குதற்கோ அவ்வுரிமையை வாங்கினோம்? நம்மைச் சூழ்ந்த மக்களது வாழ்க்கைக்கு ஏற்பப் பாடத்தை அமைத்தற்கன்றோ?

இது செய்தற்கு இயலாத காரியமன்று. சென்னையிலேயே பழைய சான்று ஒன்றுண்டு. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பொருளியற் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார், 1916-ல், தம் மாணாக்கரைத் தத்தம் ஊருக்குச் சென்று நிலம், கூலி, கடன், உணவு என்பனபற்றி விசாரித்து எழுதிவருமாறு ஏவினார். அவ்வெழுத்துக்கள் 1918-ல் நூலாயின. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலை அந்நூலிற் பதிவாயிற்று. 1930-களிலே பிறர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1980-களின் தொடக்கத்திலே, ஆதிசேஷையா நிறுவிய நிலையத்தைச் சார்ந்த எஸ். குஹன் போன்றோர் இருவேல்பட்டுக்குச் சென்று, இடைக்காலத்திலே அங்கு நிகழ்ந்த மாறுதலை அளந்தனர். மாணாக்கர் செய்த வேலை அறுபதாண்டு கடந்தும் அறிஞர்க்கு அளவுகோலாய் நின்றதென்றால், மாணவப் பருவத்து உழைப்பை அற்பமென்று யார் சொல்ல வல்லார்?

ஆதலின் நாம் வேண்டுவன இவை. ஒவ்வோராண்டும் ஒவ்வொரு துறையும் கலாசாலைக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரைப் பற்றியேனும், தெருவைப் பற்றியேனும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்க. வேதியியலார் கிணற்று நீரைச் சோதிக்க. பொருளியலார் கடன் சுமையைக் கணக்கிடுக. தாவரவியலார் மறைந்துவரும் பயிர்களைக் குறித்துவைக்க. தமிழ்த் துறையார் முதியோர் வாய்மொழிகளைத் தொகுக்க. கண்ட முடிவை ஆங்கில அறிக்கையாக்கி அலமாரியிலே வையாது, எளிய தமிழிலே எழுதி அவ்வூர்ச் சாவடியிலே அவ்வூராருக்கே படித்துக் காட்டுக. பிழையென்று அவர் சொல்வதைத் திருத்திக்கொள்க. மறு ஆண்டு வரும் மாணாக்கர் அவ்வூருக்கே செல்க. ஆண்டுதோறும் புதிய ஊரை நாடி ஓடுதலால் பயனில்லை. நூல்நிலையத்தின் ஒரு கதவு ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துச் சிறுவர்க்குத் திறந்திருக்க. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சர்வகலாசாலையின் உத்தரவும் வேண்டுவதில்லை. அவ்வுத்தரவுக்குக் காத்திராமலிருத்தற் பொருட்டே தன்னாட்சி என்னும் உரிமை தரப்பட்டது.

ஆசிரியர்களுக்கு இதனால் சுமை கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆகவே இவ்வேலையைப் பாடவேளைக்குள்ளேயே அடக்கி, அதனை ஆசிரியரது பணிக்கணக்கிலே சேர்த்தல் நிருவாகத்தார் கடமை. ஊழியத்தின் பெயரால் ஒருவரது உழைப்பை ஊதியமின்றிச் சுரண்டுதல் ஊழியமாகாது. தம்முடையதை மனமுவந்து கொடுத்தாரையே நாம் இங்கே போற்றுகின்றோம். பிறருடையதை எடுத்துக் கொடுப்பாரை யன்று.

பெரியோர் மறைந்தால் படந் திறந்து, மாலை சூட்டி, மண்டபத்துக்குப் பெயரிட்டு அமைதல் உலக வழக்கம். அவை வேண்டாவென்று சொல்லோம். ஆயினும் கொடுத்து வாழ்ந்த ஒருவருக்கு உற்ற நினைவுச்சின்னம், அவர் கொடுத்ததை வாங்கினார் மீண்டும் பிறர்க்குக் கொடுத்தலே. நம் மாணாக்கருட் சிலர் நாளை அலுவலகங்களிலே தலைவராவர். சிலர் கலாசாலைகளை ஆள்வர். ஒருவேளை துணைவேந்தராக அமர்வாரும் இருக்கலாம். அன்று அவர் கைக்கு அதிகாரம் வருங்கால், இதனை யாருக்குப் பகிர்ந்தளிப்பேன் என்னும் கேள்வி முதலிலே எழுமாக. அக்கேள்வி எழும் உள்ளத்தை இளமையிலேயே உண்டாக்குதல் மிஷன் கலாசாலையின் வேலை. அவ்வேலையிலே நம் கலாசாலை தளராதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.